நாட்டு வண்டியும் சீமை வண்டியும்

அர்ச்சுனனுக்குப் பொறாமை என்கிற வியாதி நாற்பத்திரண்டாவது வயதில்தான் வந்தது. அதுவும் அம்மை மாதிரிதான். சின்ன வயதில் வந்தால் நாலு நாளில் இறங்கிவிடும். வயதாகி வந்தால் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். அதுவரைக்கும் அடுத்தவனைப் பார்த்து ஏங்கிய ஆளில்லை அவன். ஜவ்வாது மலையில் நெல்லிக்கொல்லை என்கிற ஊரில் நாலு ஏக்கர் சாமைக் கொல்லை, பதினேழு புளியமரம், வாய்க்கு வாய் பதில் சொல்லும் பெண்டாட்டி சசிகலா. இவ்வளவும் இருக்கிற மனுஷனுக்கு ஏக்கம் எதற்கு? போதாக்குறைக்கு, மங்கம்மாள் கடையின் முதல் டீயும் அவனுடையது.

அந்த டீயைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. ஆலங்காயத்திலிருந்து மலையேறும் தார்ச்சாலை, கடைசி வளைவைத் தாண்டிச் சமதரைக்கு வருகிற இடத்தில் மங்கம்மாளின் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழேயிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்களில் யார் முதலில் வந்து சேர்கிறானோ, அவனுக்கு மட்டும் மங்கம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து கிளாஸைக் கையில் கொடுப்பாள். மற்றவர்களெல்லாம் தாங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக அந்த கிளாஸ் அர்ச்சுனன் கைக்குத்தான் வந்தது. ஊரில் ஒரு பயலும் அதற்காக அவனுக்கு மாலை போடவில்லை. அவனுக்கோ வாரம் முழுக்கக் கொல்லையில் குனிந்து நிமிர்வதற்கு அந்த ஒரு கிளாஸ் டீ போதுமாக இருந்தது.

மலையிலேயே குடியிருக்கிறவன் விடிவதற்குள் கீழே இறங்கிப் போய், மறுபடியும் மூச்சிரைக்க ஏறி வருவானேன் என்று ஊரில் கேலி செய்தார்கள். "ஏறினவன் சும்மா இருக்க வேண்டியதுதான, இன்னாத்துக்கு எறங்கற?" என்பார்கள். அவன் இறங்கியதற்குக் காரணம் ஃபஹீம்.

ஃபஹீம் வாணியம்பாடிக்காரன். தோல் கையுறை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு மலைக்கு வந்தவன், பாதி வழியில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தான். அப்போது கேரியரில் சாமை மூட்டையை வைத்துக் கட்டிய ஒரு பழைய சைக்கிளில், நின்று மிதித்தபடி ஒருவன் அவனைத் தாண்டிப் போனான். ஃபஹீம் கத்தினான், "அரே, யாருய்யா நீ?" அப்படித் தொடங்கிய பழக்கம். அடுத்த மாதமே எங்கிருந்தோ ஒரு பழைய கியர் சைக்கிளைப் பிடித்து வந்து, "இத்த ஓட்டு அர்ச்சுனா, உன் காலுக்கு அந்த டப்பா வண்டி ஆவாது" என்று கொடுத்தவனும் அவன்தான். அன்றிலிருந்து ஞாயிறு தவறினாலும் இருவரும் தவறியதில்லை. ஃபஹீம் காரில் ஆலங்காயம் வரை வருவான், அங்கிருந்து சேர்ந்து ஏறுவார்கள். மேலே டீ, பிறகு நெல்லிக்கொல்லையில் சசிகலா கையால் நாட்டுக்கோழிக் குழம்பு, சாமைச் சோறு. சாயங்காலம் பாதி மலை வரைக்கும் அர்ச்சுனன் கூடவே இறங்கி வழியனுப்பிவிட்டு வருவான்.

பழைய வண்டிகள் இரண்டும் ஓய்ந்து போயின. புது மலை சைக்கிள் வாங்கலாம் என்று இருவரும் வேலூருக்குப் போனார்கள். கடைக்காரர் சக்கரவர்த்தி நேர்மையான மனிதர். விற்பதைவிட விளக்குவதில் அவருக்குப் பிரியம் அதிகம். இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது நம்ம நாட்டுல செஞ்சது. கொஞ்சம் எடை கூட. ஆனா ஒரு நட்டு போனாலும், ஒரு கம்பி அறுந்தாலும் உங்க ஆலங்காயத்துலயே கெடைக்கும். இது வெளிநாட்டுலேர்ந்து வந்தது. முன்னாடி ஷாக்குல காத்து, பிரேக்குல எண்ணெ. தூக்கிப் பாருங்க."

அர்ச்சுனன் தூக்கினான். ஒரு கையால் தூக்கினான். ஒரு கூடை புளியம்பழம்கூட அதைவிடக் கனக்கும். கீழே வைக்க மனசே வரவில்லை.

"ஆனா ஒண்ணு," என்று சக்கரவர்த்தி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தா, கியர தாங்கிகினு இருக்கற இந்தக் காது இருக்குதே, இது வளைஞ்சா போச்சி. சாமான் கப்பல்ல வர்ற வரைக்கும் வண்டிய ஆணியில மாட்டி அழகு பாத்துனு இருக்க வேண்டியதுதான்."

ஃபஹீம் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "நமக்கு நாட்டு வண்டிதான் அர்ச்சுனா. கல்லுலயும் முள்ளுலயும் போறவன் சாமானுக்கு சீமைய பாத்துனு நிக்க முடியுமா? ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே கலர். நீ இன்னைக்கி எடு. தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அடுத்த மாசம் நான் எடுக்கறேன்."

அர்ச்சுனன் அந்த லேசான வண்டியை இன்னொரு முறை பார்த்தான். பிறகு பாய் சொல்வது நியாயம்தான் என்று மனசை மடக்கி, நாட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். நல்ல வண்டி. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். மிதிக்கும்போது இடது பக்கம் மட்டும் 'கிர்க்' என்று ஒரு சத்தம் வரும். எண்ணெய் விட்டும் போகவில்லை. அதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் முடிந்தது. அடுத்த மாதமும் வந்தது. ஒரு ஞாயிறு காலை ஆலங்காயத்தில் ஃபஹீமின் கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து அவன் இறக்கியது நாட்டு வண்டி இல்லை. கறுப்பு நிறம். விரல் பட்டால் வழுக்குகிற மாதிரி வழவழப்பு. ஒரு கையால், இல்லை, இரண்டு விரலால் இறக்கினான்.

"இத்தாலியில கீறாரே சத்தார் அண்ணன், கல்யாணத்துக்கு வரும்போது கழட்டிப் பொட்டியில போட்டு எடுத்தாந்தாரு," என்றான் ஃபஹீம், முகத்தை நேராகப் பார்க்காமல். "கொண்டாந்த பொருள வேணாங்க முடியுமா?"

"அதான, எப்பிடி வேணாங்க முடியும்?" என்றான் அர்ச்சுனன். சிரித்தான் வேறு. அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"அர்ச்சுனா, ஒரு விஷயம். இதுல பிரேக்கு இருக்குதில்ல..."

"வா பாய், வெயில் ஏறிடும்," என்று அவன் மிதிக்கத் தொடங்கிவிட்டான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது வளைவு வரை பின்னால் டயர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது பக்கத்தில் வந்தது. பிறகு முன்னால் போனது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அர்ச்சுனன் இன்னொருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு மலையேறினான். இடது காலில் கிர்க், கிர்க் என்று வண்டி முனகியது. கடைசி வளைவு திரும்பியபோது மங்கம்மாள் எழுந்து வந்து ஃபஹீம் கையில் கிளாஸைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா அர்ச்சுனா, அங்க வெச்சிகீறேன், எடுத்துக்க," என்றாள். பாவம், அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அர்ச்சுனன் பலகையின் மேலிருந்த கிளாஸை எடுத்துக் குடித்தான். அதே பால், அதே தூள், அதே சர்க்கரை. பாதியிலேயே கிளாஸை வைத்துவிட்டான்.

மலையில் எதற்கும் இரண்டே வகைதான். நாட்டு மாடு, சீமை மாடு. நாட்டுக் கத்தரி, சீமைக் கத்தரி. ஃபஹீமின் வண்டி நெல்லிக்கொல்லைக்குள் நுழைந்த அன்றே அதற்குச் 'சீமை வண்டி' என்று பேர் விழுந்துவிட்டது. அது மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பான். அதுவரைக்கும் 'அர்ச்சுனன் புது வண்டி' என்று இருந்தது அன்றிலிருந்து 'நாட்டு வண்டி' ஆகிப்போனது. அந்தச் சொல் அவன் காதில் விழும்போதெல்லாம் சுருக்கென்றது.

"துன்றதுக்கு மட்டும் நாட்டுக்கோழி வேணும், நாட்டுத் தேனு வேணும். ஓட்டறதுக்கு சீமை வண்டியா?" என்று கோழிகளுக்கு அரிசி வீசிக்கொண்டே பொருமினான்.

சசிகலா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அத்த பாய்கிட்ட சொல்லு. கோழிகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"நாட்டு வண்டி வாங்குனு எனக்கு சொன்னதே அவன்தான்டி! என்னை அத்த வாங்க வெச்சிட்டு, அவன் இத்த வாங்கினு வந்து நிக்கறான்."

"உன் புளியமரத்தயா வெட்டிகினு போனாரு? வண்டிதான வாங்கினாரு. ஊரு ஒலகத்துல யாரும் வாங்காத வண்டியா?" என்றவள், அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயே, உனக்கு வயிறு எரியுது."

எரியத்தான் எரிந்தது. சும்மா எரியவில்லை, படித்துப் படித்து எரிந்தது. ஊருக்கு மேற்கே ஒரு பாறை உண்டு. அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தால்தான் போனில் டவர் கிடைக்கும். கொல்லை வேலை முடிந்ததும் அர்ச்சுனன் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். புளி வியாபாரியோடு பேரம் பேசுகிறான் என்று ஊர் நினைத்தது. அவன் அந்தக் கறுப்பு வண்டியைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை கிலோ, எந்தப் பல்சக்கரத்துக்கு எத்தனை பல், எதில் குறை என்று தேடித் தேடிப் பார்த்தான். குறைதான் முக்கியம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் அவ்வளவு விசாரித்ததில்லை.

ஒரு நாள் ஒரு குறை கிடைத்தது. வெள்ளைக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, கையைக் கையைக் காட்டிப் பேசினான். கீழே தமிழில் எழுத்து ஓடியது. நம் ஊர் சைக்கிளில் முன்சக்கரத்துப் பிரேக் வலது கையில் இருக்கும், பின்சக்கரத்துப் பிரேக் இடது கையில் இருக்கும். அந்த நாடுகளில் நேர்மாறு: முன்பிரேக் இடது கையில், பின்பிரேக் வலது கையில். இறக்கத்தில் தெரியாமல் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி ஆளைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்துவிடும்.

அர்ச்சுனன் பாறை மேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாய்க்கு இது தெரியுமா? இத்தனை வருஷம் நம் ஊர் வண்டியையே ஓட்டின கை. அவசரத்துக்கு இடது கையைத்தான் பிடிக்கும்.

போன் கையில்தான் இருந்தது. டவரும் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அர்ச்சுனன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாறையை விட்டு இறங்கினான்.

ஏன் சொல்லவில்லை? சாகட்டும் என்று நினைத்தானா? சேச்சே, அவ்வளவு பாவி இல்லை. சும்மா ஒரு சின்ன விழுகை. முட்டி சிராய்கிற மாதிரி. அந்த வழவழப்பில் ஒரு கீறல். மங்கம்மாள் முன்னால் ஒரு தரம் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தால் போதும். இவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது. இதற்கும் பேர் பாவம்தான் என்று அவன் மனசுக்கு நன்றாகவே தெரிந்தது.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு. ஆறு முதல் டீயும் ஃபஹீமுக்கு. சாயங்காலம் வழியனுப்ப இறங்கும்போது, முன்பெல்லாம் பேசிக்கொண்டே பக்கத்தில் போகிறவன், இப்போது பத்தடி பின்னாலேயே போனான். ஒவ்வொரு வளைவிலும் ஃபஹீமின் இடது கையைப் பார்த்தான். ஃபஹீம் விழவில்லை. பழகிக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கும் சேர்த்து எரிந்தான்.

ஃபஹீமோ ஒவ்வொரு வாரமும் கெஞ்சினான். "ஒரு ரவுண்டு ஓட்டித்தான் பாரேன் அர்ச்சுனா."

"எனக்கு வேணாம் பாய். என் வண்டிக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்னு யாரு சொன்னா? உனக்காகத்தான் இந்த பிரேக்கு..."

"உன் சீமை வண்டி சங்கதியெல்லாம் எனக்கு வேணாம்னு சொல்றேனில்ல!"

ஃபஹீம் முகம் சுருங்கிப் போய்ப் பேச்சை மாற்றிவிடுவான்.

ஏழாவது ஞாயிறு மத்தியானம். கோழிக்குழம்பு வயிறு முட்டத் தின்றுவிட்டு ஃபஹீம் உள்ளே பாயில் சாய்ந்தான். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. சசிகலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வேலியோரம் சீமை வண்டி தனியாக நின்றது. அர்ச்சுனன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கைப்பிடியில் விரலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். ஏழு வாரம் தொடமாட்டேன் என்று வீம்பு பிடித்த கை, சட்டென்று வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டது.

ஏறி உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்து மேட்டில் மிதித்தான். மேடு எங்கே போனது என்று தெரியவில்லை. கிர்க் இல்லை, முனகல் இல்லை; கால் நினைக்கும் முன்னால் வண்டி போனது. 'அடப்பாவி பாய், இப்பிடிப்பட்ட வண்டியிலயா நீ ஏறின' என்று சொல்லிக்கொண்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆசையா ஆத்திரமா, பிரித்துச் சொல்ல முடியாது. மேட்டைத் தாண்டி ஓடைப்பக்கம் இறங்கும் சரிவில் வண்டியை விட்டான். காற்று காதில் இரைந்தது.

அப்போது புதரிலிருந்து குஞ்சுகளோடு ஒரு கோழி குறுக்கே ஓடியது. நாட்டுக்கோழி.

அர்ச்சுனனுக்குப் பயமே இல்லை. அவன்தான் படித்தவனாயிற்றே. நம் வண்டியென்றால் இடது கை. இது சீமை வண்டி. பின்பிரேக் வலது கையில். நாலு விரலையும் போட்டு வலது பிரேக்கை இறுக்கிப் பிடித்தான்.

முன்சக்கரம் அறைந்தது போல நின்றது. வானம், ஓடை, தன் இரண்டு கால்கள் எல்லாம் ஒருமுறை அவன் தலைக்கு மேலே போயின. பிறகு தோளில் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கண் திறந்தபோது ஃபஹீம் வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தான். பின்னால் சசிகலா ஈரக்கையோடு. வண்டி கல்லில் அடிபட்டுக் கிடந்தது. கியரைத் தாங்கும் அந்தக் காது மடங்கிப் போயிருந்தது. ஃபஹீம் அதைத் தாண்டித்தான் ஓடி வந்தான். ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அதை அர்ச்சுனன் கவனித்தான். வலியைவிட அது அதிகமாக வலித்தது.

பக்கத்து வீட்டுச் சின்னராஜின் ஜீப்பில் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சசிகலா முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தாள். "ஓட்டிப் பாருனு சொல்லும்போதெல்லாம் வீம்பு. இப்ப திருட்டுத்தனமா எடுத்தாந்து கைய ஒடிச்சிகினு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். பின்சீட்டில் ஃபஹீம் அவனைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"தப்பு என் மேலதான் அர்ச்சுனா," என்றான் மெதுவாக. "சத்தார் அண்ணன் தானா கொண்டாரல. நான்தான் கேட்டேன். ஒம்போது வருஷமா உன் முதுகயே பாத்து ஏறினேனில்ல, ஒரு தடவயாவது அந்த மொதல் டீய குடிச்சிடணும்னு ஒரு வெறி. உங்கிட்ட சொல்ல வெக்கமா போச்சி."

ஒடிந்த தோள் குலுங்காமல் பிடித்துக்கொண்டு ஃபஹீம் தொடர்ந்தான்.

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. இந்த வண்டி வந்தப்ப பிரேக்கு ரெண்டும் மாறி இருந்திச்சி. அந்த ஊர்ல அப்பிடியாம். 'பழகிடும் பாய், எண்ணெ பிரேக்கு, கழட்டி மாட்டறது பெரிய வேல, அப்பிடியே வுட்ருங்க'னு சக்கரவர்த்தி சொன்னாரு. நான்தான் கேக்கல. ரெண்டு பேரு ஓட்டப்போற வண்டி, என் கை பழகிடும், அர்ச்சுனன் கை ஏமாந்துடும், நம்ம ஊரு மாதிரியே மாத்துங்கனு ஒரு வாரம் அங்கயே வுட்டு வெச்சிருந்தேன். அத்த உங்கிட்ட சொல்லணும்னுதான் வாய எடுப்பேன், நீ வுட்டாத்தான?"

ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அப்படியென்றால் தான் இறுக்கிப் பிடித்த வலது கைதான் முன்பிரேக் என்று அர்ச்சுனனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீ இடது கையதான புடிச்சிருப்ப? பின்பிரேக்குக்கு வண்டி இப்பிடித் தூக்காது. நான் எப்பவும் ரெண்டயும் சேத்தே புடிக்கறவன், எனக்கு வித்தியாசம் தெரியல. அப்பன்னா அந்த ஆளு மாத்தவே இல்ல, மாத்திட்டேனு பொய் சொல்லிக்கீறான். நாளைக்கே போயி அவன் கடைய உண்டு இல்லனு பண்ணிட்டு வர்றேன் பாரு."

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். சக்கரவர்த்தி யார், வேலூரில் இருக்கும் எவனோ. பாய் போய் நாலு வார்த்தை கத்துவான், அதோடு முடிந்துவிடும். ஒன்பது வருஷத்துச் சிநேகிதம் கெடாமல் இருக்கும். அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் பாய் அந்த வண்டியைத் தாண்டி ஓடி வந்ததுதான் மூடின கண்ணுக்குள்ளும் தெரிந்தது.

"வலது கைய புடிச்சேன் பாய்."

"வலதா? நீ எதுக்கு வலத புடிச்ச?"

"சீமை வண்டியில பின்பிரேக்கு வலதுல இருக்கும்னு..."

"உனக்கு யாரு சொன்னா?"

"போன்ல பாத்தேன்."

"எப்ப?"

"ஒன்றரை மாசம் ஆவுது."

ஃபஹீம் கணக்குப் போடுவது அவன் மூச்சிலேயே தெரிந்தது. "ஒன்றரை மாசமா எனக்கு முன்பிரேக்கு இடதுல இருக்குதுனு நீ நெனச்சிகினு இருந்த," என்றான். "நான் எறங்கும்போதெல்லாம் பின்னாடியேதான வந்த?"

"ஆமா."

முன்சீட்டில் சசிகலாவின் திட்டு நின்றுபோனது. ஃபஹீம் அவனைத் தாங்கிய கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரி வரைக்கும் திருப்பவில்லை. காறை எலும்பு முறிவு என்று கட்டுப் போட்டார்கள். மருந்துச் சீட்டைச் சசிகலா கையில் கொடுத்துவிட்டு, "வர்றேன்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ஃபஹீம் பஸ் ஏறினான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. உடைந்த வண்டி கூரைக்கடியில் கிடந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. அர்ச்சுனன் பாறை மேல் ஏறி, போனை வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் டீ போனபோது எரிந்த வயிறு இப்போது எரியவில்லை. வெறுமையாக இருந்தது. அதற்கு எரிந்ததே தேவலை.

மூன்றாவது வாரம், பால் வண்டி ஓட்டும் இளவழகனைக் கூப்பிட்டான். "இந்த ரெண்டு வண்டியயும் ஏத்திகினு போ. சீமை வண்டி ஒடஞ்சி கீது, அவரு வண்டி, குடுத்துடு. இந்த நாட்டு வண்டியயும் பாய்கிட்டயே வுட்டுடு."

"எதுனா சொல்லணுமாண்ணே?"

அர்ச்சுனன் யோசித்தான். "ஞாயித்துக்கெழமைக்கினு சொல்லு. அது போதும்."

ஞாயிறு காலை, கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் ஏறி மங்கம்மாள் கடை முன்னால் இறங்கினான். கடைசி வளைவு நேராகத் தெரிகிற மாதிரி பலகையில் உட்கார்ந்தான். ஞாயிறுதோறும் சைக்கிள் மிதித்து வரும் வாணியம்பாடிப் பையன்கள் யாரும் அன்றைக்கு ஏறி வரவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. ஏழு மணி ஆயிற்று. ஏழரையும் ஆயிற்று.

மங்கம்மாள் பால் பொங்கியதும் முதல் கிளாஸை ஆற்றினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். எழுந்து வந்து அவன் முன்னால் நீட்டினாள். "இந்தாப்பா. இன்னைக்கி நீதான மொதல்ல வந்த."

நுரை தளும்பியது. இரண்டரை மாதமாகக் கைக்கு வராத கிளாஸ். அவன் கை தானாகவே நீண்டது. அப்போது வளைவுக்குக் கீழே சத்தம் கேட்டது. கிர்க். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், கிர்க்.

நீண்ட கையை அர்ச்சுனன் மடியில் வைத்துக்கொண்டான். "நான் பஸ்ல வந்தவன்மா. மூடி வை. மிதிச்சிகினு ஒருத்தன் வர்றான்."

வளைவில் ஃபஹீம் தெரிந்தான். ஒன்பது வருஷமாகச் சேர்ந்து ஏறியும் அவன் மலையேறும் முகத்தை அர்ச்சுனன் பார்த்ததில்லை. எப்போதும் இவன் முன்னால் போய்விடுவான். வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் செருகி, ஒவ்வொரு மிதிக்கும் செத்துப் பிழைத்து அந்த மனுஷன் வந்துகொண்டிருந்தான். இப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறும் வந்திருக்கிறான். தன் வண்டியில், தன் மலையில் இன்னொருவன் ஏறி வருவதைப் பார்க்க அர்ச்சுனனுக்கு அப்போதும் வயிற்றில் லேசாக எரியத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

"கியர கொறை பாய்!" என்று எழுந்து நின்று கத்தினான்.

ஃபஹீம் குறைத்தான். வந்து சேர்ந்தான். வண்டியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டுக் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மூச்சு வாங்கினான். மங்கம்மாள் எழுந்து போய்க் கிளாஸை அவன் கையில் கொடுத்தாள். பாதியைக் குடித்த பிறகுதான் அவன் அர்ச்சுனன் பக்கம் திரும்பினான். சிரிக்கவில்லை.

"உன் வண்டியில முன்பிரேக்கு லூசா கீது," என்றான். "எறங்கும்போது புடிக்காது, சரி பண்ணிக்க. தெரிஞ்சா சொல்லணுமில்ல?"

அர்ச்சுனன் தலை குனிந்துகொண்டான். "சொல்லணும் பாய்," என்றான்.

ஃபஹீம் பலகையில் அவனுக்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட தோளில் இடிக்காமல் பார்த்து உட்கார்ந்தான். அர்ச்சுனன் எழுந்து போய், ரெண்டாவது டீயைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான்.